ஒரு படி தவிடு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ராமையா லோரியைக் கழுவிக்கொண்டே சொன்ன ஒரு சேதியில் வீரம்மாவுக்கு மூன்று நாள் தூக்கம் போய்விட்டது.

"காளியம்மா ஈப்போவுலதான் இருக்காம். புந்தோங்ல கச்சாங் பூத்தே, கடலை முறுக்கு போடுற எடத்துல வேலையாம். நீயே போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. பொம்பளைக்குப் பொம்பளை பேசிக்கிட்டா நல்லதுலா."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். தேயிலைத் தோட்டத்து லோரியை நாள் முழுக்க வளைவிலும் நெளிவிலும் ஓட்டுகிற மனுஷருக்கு மனசு மட்டும் நேர் ரோடு. மனைவிக்கும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ராமையா, வீரம்மாவின் ஒரே மகள் நவமணிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயபாலனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது. பதிந்த கல்யாணமாக இருந்தால்தான் கம்பெனி வீடு தரும். இந்த வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பெண்ணுக்கு இருபத்தொன்று முடியவில்லை என்றால் பிறப்புப் பத்திரத்தில் உள்ள அப்பாவோ அம்மாவோ வந்து சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். நவமணிக்கு இருபதுதான் ஆகிறது.

சிக்கல் அங்கேதான். பத்திரத்தில் ராமையாவும் இல்லை, வீரம்மாவும் இல்லை. அப்பா சீனி, அம்மா காளியம்மா என்று இருக்கிறது. "தோட்டத்துக் கிராணி மாத்தி எழுதிட்டான்" என்று தோட்டத்து எழுத்தர் மேல் பழி போட்டே மகளை இத்தனை வருஷம் சமாளித்துவிட்டார்கள்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். மலை மேல் தானா ராத்தா பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு மழைத் தூறலும் பனியும் சேர்ந்து எதிர்க் கடையே தெரியவில்லை. வெள்ளைக்காரர் காலத்து விருந்தினர் மாளிகையில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள் வீரம்மா. டிசம்பர் மாதம் ஊரெல்லாம் உல்லாசப் பயணிகள். லீவு கேட்டதற்கு மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நவமணி பூத்தோட்டத்தில் நாற்றுக் கட்டுகிறவள். இன்றைக்கு மண் படாத பாவாடை, காதில் புதுத் தோடு. கையெழுத்து முடிந்ததும் கூறைப்புடவை பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

பஸ் கிளம்பி ரிங்லெட் தாண்டியதும் நவமணி கேட்டாள்.

"அம்மா, அந்தக் கிராணியைத்தானே பார்க்கப் போறோம்? இன்னும் உயிரோட இருக்காரா?"

வீரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாறைச் சுவரும் பெரணியும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"கிராணி இல்ல பாப்பா. அவன் ஒண்ணும் தப்பா எழுதல. சொன்னதத்தான் எழுதுனான்."

"யாரு சொன்னது?"

இனி ஒளிக்க முடியாது. ஒளித்தால் புந்தோங்கில் வேறு யார் வாயிலிருந்தாவது வரும். வீரம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம். வீரம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். முதல் பிள்ளை மூன்றாம் மாதம் போயிற்று. இரண்டாவது பிறந்த அன்றே போயிற்று. மூன்றாவது நவமணி. அது தங்க வேண்டுமென்றால் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். பெற்றவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் எமன் வந்து தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவானாம். ஒன்பதாம் நாள் பிள்ளையை முறத்தில் போட்டு வாசலில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா வந்து ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வீரம்மா தவிட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"அஞ்சு வயசு வரைக்கும் யாரு கேட்டாலும் வாங்குனவ எம்பிள்ளைன்னுதான் சொல்லணும். அதுதான் மொற. கிராணி வந்து கேட்டான். காளியம்மா எம்பிள்ளைன்னு சொல்லிடுச்சு. நானும் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல."

நவமணி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தே விட்டாள்.

"ஒரு படி தவிடா? அவ்வளவுதானா நானு?"

"சிரிக்காத பாப்பா."

"அஞ்சு வயசுக்கு அப்புறம்?"

"மாரியம்மன் கோயில்ல பொங்க வச்சு, வாங்குனவளுக்குப் புதுச்சேலை குடுத்து மீட்டுக்கணும்."

"மீட்டீங்களா?"

"அதுக்குள்ள நாம மலைக்கு வந்துட்டோம்."

வந்துட்டோம் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! உள்ளதைச் சொன்னால், வீரம்மா ஓடி வந்தாள். காளியம்மா தோட்டத்து ஆயாக்கொட்டாயில் பிள்ளை பார்க்கிறவள். விடியற்காலையில் வீரம்மா மரம் வெட்டப் போனால் நாள் முழுக்க நவமணி அவள் இடுப்பில்தான். சொந்தப் பிள்ளை இல்லாத இடுப்பு அது. நாலு வயசில் பிள்ளை அவளைக் 'காளிம்மா' என்று கூப்பிட்டது. பெற்றவளை, ஊரார் கூப்பிடுகிறபடி 'வீரம்மா' என்றது. தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டது. தானா ராத்தாவில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்ட மறுநாளே வீரம்மா புருஷனை நச்சரித்து மூட்டை கட்டிவிட்டாள். காளியம்மா ஆயாக்கொட்டாயிலிருந்து திரும்பி வருவதற்குள் லோரி கிளம்பிவிட்டது.

இதையும் மகளிடம் சொன்னாள், பாதி விழுங்கிப் பாதி சொன்னாள். அதற்கு அப்புறம் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அது ராமையாவுக்கே தெரியாது.

தாப்பாவில் பஸ் மாறினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. கம்பார், கோப்பேங் தாண்டி ஈயக் குட்டைகளும் சுண்ணாம்பு மலைகளும் வர ஆரம்பித்ததும் வீரம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, நீ புடவைக் கடையில இரு. நான் மட்டும் போய்ப் பேசிக் கூட்டிட்டு வாரேன்."

"ஏன்? என்ன வாங்குனவங்கள நான் பார்க்க வேணாமா?"

"வெயிலா இருக்கு..."

"அம்மா, நான் வாரேன்."

புந்தோங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வறுத்த கடலை வாசனையும் எண்ணெய்ப் புகையும் மூக்கில் ஏறின. கேட்டுக் கேட்டு ஒரு பலகை வீட்டின் பின்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியின் முன்னால் குள்ளமான ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"அக்கா" என்றாள் வீரம்மா.

காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"யாரு... வீரம்மாவா?"

கோபப்பட்டிருந்தால் வீரம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் எதிர்பார்த்து வந்தது அதைத்தான். காளியம்மாவோ பல் தெரியச் சிரித்தாள்.

"வா, வா! எத்தன வருசமாச்சு. ராமையாண்ணே சொகமா? உக்காருலா, அந்தப் பலகைய இழுத்துப் போட்டுக்க. இது யாரு, மகளா? அதுக்கப்புறம் பொறந்ததா?"

வீரம்மா பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா வளந்திருக்கு. மூக்கு அப்படியே அவ மூக்கு." காளியம்மா நவமணியைப் பார்த்துச் சொன்னாள். "ஒனக்கு ஒரு அக்கா இருந்துச்சு, தெரியுமாம்மா? அம்மா சொல்லிருக்காதா? நாந்தான் வளத்தேன். இருந்திருந்தா இப்ப இருவது. வருசா வருசம் அது பேருக்குக் கோயில்ல ஒரு வெளக்குப் போடுறேன். இந்த வருசமும் போட்டேன்."

"எனக்கு அக்கா இல்லையே" என்றாள் நவமணி. "அக்கா பேரு என்ன?"

"நவமணி."

சட்டியில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. நவமணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் நவமணி."

காளியம்மாவின் கையிலிருந்த முறுக்குக் குழல் மடியில் இறங்கியது. அவள் வீரம்மாவைப் பார்த்தாள், நவமணியைப் பார்த்தாள், மறுபடியும் வீரம்மாவைப் பார்த்தாள்.

"உடையப்பன் வந்து சொன்னானே" என்றாள். "காய்கறி லோரில வருவானே, அந்த உடையப்பன். காய்ச்சல்ல பிள்ளை தவறிடுச்சுன்னு நீ சொல்லச் சொன்னதா வந்து சொன்னானே."

இதுதான் ராமையாவுக்கும் தெரியாத சங்கதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பிள்ளை விஷயமாகக் காளியம்மா தைப்பூசத்துக்கு மலைக்கு வருகிறாள் என்று உடையப்பன் வந்து சொன்னான். பத்திரமும் அவள் பேரில், முறைப்படியும் பிள்ளை அவளுடையது. வந்து கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு நிமிஷப் பயத்தில் வீரம்மா சொல்லி அனுப்பியதுதான் அந்தச் சாவுச் சேதி. எமனை ஏமாற்ற விற்ற பிள்ளையை, வாங்கியவளை ஏமாற்ற எமனுக்கே கொடுத்துவிட்டாள். சொன்ன அன்றிலிருந்து நவமணிக்கு ஒரு தும்மல் வந்தாலும் வீரம்மா செத்துச் செத்துப் பிழைத்தாள். அதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்ல?

"நீ வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்னு பயந்துட்டேன்க்கா" என்றாள்.

காளியம்மா எழுந்தாள். முதலில் அடுப்பை அணைத்தாள். கருகிப்போன முறுக்கை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எண்ணெய்ப் பிசுக்குப் போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரக் கைகள் இரண்டையும் நவமணியின் கன்னத்தில் வைத்தாள்.

"சூடா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு அழுதாள். சத்தம் கேட்டு முன்கட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நவமணியும் அழுதாள். பெற்றவள் மட்டும் பலகையில் உட்கார்ந்தபடி இருந்தாள். அழக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அழுகை அடங்கியதும் காளியம்மா கேட்டாள்.

"அது எந்த வருசம் வீரம்மா, சொல்லி அனுப்புனது?"

"எழுவது, தை மாசம்."

"எங்க வீட்டுக்காரரும் அந்த மாசந்தான் செத்தாரு. படுக்கையில கெடந்தவரு, பிள்ளைய நெனச்சுத்தான் கெடந்தாரு. உடையப்பன் சொன்னதக் கேட்டு ஒம்பது நாள்ல போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் தலை முழுகுனேன்."

வீரம்மா அவள் காலைப் பிடிக்கக் குனிந்தாள். காளியம்மா நகர்ந்துகொண்டாள்.

"நான் பிள்ளையக் கேக்க வரலலா. மீட்டுக் குடுத்துடலாம்னுதான் வாரேன்னு சொல்லி விட்டேன். மொற முடியாமக் கெடக்கே, எம்பேருலயே இருந்தா பிள்ளைக்கு ஆகாதேன்னு அவருதான் அனத்திக்கிட்டே இருந்தாரு. பொங்கப் பானை வாங்கி வச்சிருந்தேன். நீ எனக்குச் சேலை எடுக்க வேணாம், நானே பிள்ளைக்குக் கவுன் எடுத்துட்டேன்."

கொடுத்துவிட்டுப் போக வர இருந்தவளைத்தான் பறிக்க வருகிறாள் என்று நினைத்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாழ்ந்தது யாருக்குப் பயந்து?

வந்த காரியத்தை நவமணிதான் சொன்னாள். கல்யாணம், பத்திரம், கையெழுத்து. காளியம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் சீனியின் மரணப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

டவுன் பஸ்ஸில் காளியம்மாவும் நவமணியும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். வீரம்மா பின் சீட்டில். மாப்பிள்ளை என்ன உயரம், உனக்குச் சமைக்கத் தெரியுமா, மலையில் குளிருக்கு என்ன போட்டுக்கொள்வாய் என்று காளியம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். நவமணி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் திரும்பவே இல்லை.

பதிவு அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் வயதான மலாய்க்காரப் பெண்மணி. நல்ல மாதிரி. பத்திரத்தையும் ஐசி அடையாள அட்டையையும் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அம்மா யார் என்று மலாயில் கேட்டாள்.

வீரம்மாவின் உடம்பு நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி உட்கார்ந்தாள்.

"சாயா" என்றாள் காளியம்மா. நான்தான். "என் மக."

வார்த்தையில் ஒரு தடுமாற்றம் இல்லை. அன்றைக்குக் கிராணியிடம் சொன்ன மாதிரியே சொன்னாள்.

காளியம்மா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடும்போது அந்த மலாய் அம்மாள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வீரம்மாவையும் பார்த்தாள். நீங்கள் யார் என்று சிரித்த முகமாகக் கேட்டாள். சும்மா மரியாதைக்குக் கேட்ட கேள்விதான்.

நவமணி இப்போதுதான் முதல்தடவையாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் தாள் கிழியும், கல்யாணம் நிற்கும். வீரம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஜிரான்" என்றாள். பக்கத்து வீடு.

முத்திரை விழுந்தது. காரியம் ஜெயம். வெளியே வந்து வெயிலில் மூவரும் நின்றார்கள்.

"அக்கா" என்றாள் வீரம்மா, "இப்பவே வேணாலும் மாரியம்மன் கோயிலுக்குப் போலாம். சேலை எடுத்துத் தாரேன். மீட்டுக்கறேன். நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

காளியம்மா தலையை ஆட்டினாள். அதில் கோபம் இல்லை.

"இனிமே அது நம்ம ரெண்டு பேரு கையிலயும் இல்ல வீரம்மா. முறத்துல போட்டுக் குடுக்க இது என்ன கைப்பிள்ளையா? அதுக்கு வாயிருக்கு, அதயே கேளு."

பஸ் நிலையத்தில் தாப்பா பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் மலைக்கு ஏறுகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. வீரம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நவமணி ஏறவில்லை. ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"நீங்க போங்க. நான் காளிம்மாகூட இருக்கேன்."

வழக்கமாக 'நீ' என்றும் 'நீங்க' என்றும் கலந்து கொஞ்சுகிற மகள். இந்த 'நீங்க'வில் கொஞ்சல் இல்லை.

"பாப்பா, அம்மா பயத்துல செஞ்சது..."

"தெரியுது. எனக்காகத்தான் செஞ்சீங்க. அதனாலதான் என்னால ஒங்களத் திட்டக்கூட முடியல." நவமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மனுசன் அதைக் கேட்டே செத்துப்போயிருக்காரும்மா. என்னத் தூக்கி வளத்தவரு."

"எப்ப வருவ?"

"தெரியல."

"கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வாரந்தான் இருக்கு. அப்பா கேட்டா நான் என்ன சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க. அவருக்கும் தெரியட்டும்."

காளியம்மா தள்ளித் தூணோரம் நின்றிருந்தாள். கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நவமணி அவளிடம் நடந்து போனாள். இருவரும் கூட்டத்தில் மறைந்தார்கள்.

டிரைவர் இஞ்சினைப் போட்டார். அவசரமாக ஏறிய ஒரு சீன மூதாட்டி, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, வீரம்மாவின் பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்து நின்று மலாயில் கேட்டாள். இங்கே ஆள் இருக்கிறதா?

"இருக்கு" என்றாள் வீரம்மா. மலாய் மறந்துபோய்த் தமிழிலேயே சொன்னாள். "என் மக. என் மக வருவா."

மூதாட்டிக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டாள். பஸ் நகர்ந்தது. மேலே தானா ராத்தாவில் ராமையா ஆறு மணிக்கே வந்து நின்றுவிடுவார், இரண்டு பேருக்கும் சேர்த்துக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு. வீரம்மா அந்தக் காலிச் சீட்டின் மேல் கையை வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பேங் தாண்டிய பிறகுதான் கையை எடுத்தாள்.